ஒரே ஒரு சரியான தேதி

செத்துப்போன ஒருவர் பதின்மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்து, கொப்பரையின் சேஃப்டி வால்வைச் சோதித்துவிட்டு, 'நல்ல நிலையில் உள்ளது' என்று பதிவும் செய்துவிட்டுப் போயிருந்தார்.

"உயிரோட இருக்கறவனே ஆறாம் தேதிக்குள்ள ஒரு வேலைய முடிக்கமாட்டான் மேடம்," என்றான் ரமணா, லேப்டாப் திரையை எட்டிப் பார்த்து. "இவருக்கு இந்த வருஷத்து பெஸ்ட் எம்ப்ளாயி அவார்ட குடுத்துடலாம்."

லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்த பிரீத்தி சிரிக்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஷோபாவும் சிரிக்கவில்லை. ரமணா அதை எதிர்பார்க்கவும் இல்லை. பதினோரு மாதமாக அவனுடைய நகைச்சுவைகள் அந்த அறையில் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லாட்ஜ்களுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வாசல் போர்டில் 'கோவர்த்தனன் துப்பறியும் நிலையம்' என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருந்தது. கோவர்த்தனன் ஷோபாவின் கணவர். போலீஸ் வேலையை விட்டு வந்து அதை ஆரம்பித்தவர். சென்ற ஜூலையில் ஒரு நாள் காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மேஜை, நாற்காலி, முடியாத மூன்று வழக்குகள், உதவியாளன் ரமணா என எல்லாவற்றையும் அப்படியே விட்டுப்போனார். பதினான்கு வருடம் காலேஜில் ஜாவா லேப் நடத்திய ஷோபா வேலையை விட்டுவிட்டு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் உட்காருவதும் இங்கே உட்காருவதும் ஒன்றாகத்தான் இருந்தது. குடிக்கிற காபி சூடாக இருப்பது தெரியும். அது காபி என்பது தெரியாது.

"மொதல்லேந்து சொல்லு," என்றாள்.

பிரீத்தி அவளிடம் படித்தவள். இப்போது திருப்பதியிலேயே சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் சித்தூரில் மஞ்சுளா ஃப்ரூட் ப்ராடக்ட்ஸ் என்ற மாம்பழக்கூழ் ஆலைக்கு ஒரு பராமரிப்புப் பதிவேடு செய்து கொடுத்திருந்தாள். எந்த இயந்திரத்தை யார், எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று அதில் ஏற்றுவார்கள். முன்னால் தெரிகிற திரை ஜாவாவில் எழுதியது. பின்னால், பதிவுகள் போய் உட்காருவது ஒரு டேட்டாபேஸில்.

மே இருபத்துநான்காம் தேதி அந்த ஆலையில் கூழ் காய்ச்சும் நீராவிக் கொப்பரை ஒன்று வெடித்தது. அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடவேண்டிய சேஃப்டி வால்வு திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற கருப்பன் என்ற தொழிலாளி அங்கேயே இறந்துபோனார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மேனேஜர் சுரேஷ்பாபு ஒரு தாளை நீட்டினார். மே ஆறாம் தேதி கருப்பனே அந்த வால்வைச் சோதித்து, நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றது அந்தத் தாள். ஆகவே தப்பு செத்தவருடையது.

"அந்தத் தாள்ல மே ஆறு," என்றாள் பிரீத்தி. "ஆனா ஃபேக்டரியிலேந்து மாசா மாசம் எனக்கு பேக்கப் வரும் மேடம். நேத்து அத என் மிஷின்ல போட்டு ஓட்டிப் பாத்தேன். ஸ்க்ரீன்ல ஜூன் ஆறுனு வருது. மேனேஜருக்கு ஃபோன் பண்ணேன். 'அது உன் சாஃப்ட்வேர் தப்பும்மா, மாசத்த ஒண்ணு தள்ளிக் காட்டுது. அப்படின்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்து போட்டு நாளைக்கு மூணு மணிக்குள்ள கொண்டா'ன்னார். இன்னிக்கு மூணு மணிக்கு ஆபீசர் ஃபேக்டரிக்கே வர்றார். கடைசி விசாரணை."

"குடுக்கலன்னா?"

"ரெக்கார்டக் கொழப்பிட்டேன்னு போலீஸ்ல எழுதிக் குடுப்பாராம்."

"குடுத்தா?"

"ஃபைல மூடிடுவாங்க. அங்க இன்னொரு கொப்பரை இருக்கு மேடம். ஒரே நாள்ல வாங்கினது, ஒரே மாதிரி வால்வு. விசாரணை நடக்கறதால பாதி அழுத்தத்துல ஓட்டறாங்க. ஃபைல மூடினா நாளைக்குக் காலைலேந்து முழு அழுத்தம்." பிரீத்தியின் குரல் தாழ்ந்தது. "எனக்கே சந்தேகமா இருக்கு. மாசத்துல நான் ஒரு தப்பு பண்ணது நிஜம்."

ஷோபா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் நெட்பீன்ஸ் திறந்திருந்தது. ஜாவா எழுதுகிறவர்களுக்கு அது ஒரு பட்டறை. நிரலை எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, டேட்டாபேஸைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரே ஜன்னலில். 'சேமி' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருந்த வரிகளுக்குப் போனாள். ஐந்தாவது வரியில் கண் நின்றது. பதினான்கு வருடமும், ஒவ்வொரு புது பேட்சும் செய்த தப்பு.

"மாசப் பட்டியல்ல எத்தனாவதுன்னு கேட்டிருக்க. வந்த நம்பர அப்படியே உள்ள போட்டிருக்க."

"ஆமா மேடம். ஜாவா ஜீரோலேந்து எண்ணும். ஜனவரி ஜீரோ, மே நாலு. ஒண்ணு கூட்ட மறந்துட்டேன். உள்ள நாலுன்னு உக்காந்துடுச்சு. ஆனா திரும்ப எடுக்கறப்பவும் அதே பட்டியல்லேந்துதானே எடுக்குது? நாலுன்னா மே. அதனால ஸ்க்ரீன்ல எப்பவும் சரியா வரும். நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஐநூறு பதிவு ஏறிடுச்சு. தொட பயந்து அப்படியே விட்டுட்டேன்."

"பக்கத்து லாட்ஜ் லிஃப்ட் மாதிரி," என்றான் ரமணா. "கிரவுண்ட் ஃப்ளோர் ஜீரோ. அஞ்ச அமுக்கினா ஆறாவது தளத்துல எறக்கி விடும். தப்புதான். ஆனா தெனமும் ஒரே தப்பு. பழகிட்டா ரூம் கெடச்சிடும்."

ஷோபா தலையைத் தூக்கினாள். "கடைசியா என்ன சொன்ன?"

"ரூம் கெடச்சிடும்."

"அதுக்கு முன்னாடி."

"தெனமும் ஒரே தப்பு."

டேட்டாபேஸின் அட்டவணையைத் திறந்து, மே மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். மாதம் என்ற கட்டத்தில் நாலு, நாலு, நாலு. கடைசிக்குச் சற்று முன்னால் கருப்பனின் வால்வுச் சோதனை. அதில் மட்டும் ஐந்து.

"உன் சாஃப்ட்வேர் ஒண்ணும் தள்ளிக் காட்டல," என்றாள். "அஞ்சுன்னா அதுக்கு ஜூன். எப்பவும் காட்டற மாதிரிதான் காட்டியிருக்கு. இந்த டேபிள்ல ரெண்டாயிரத்துக்கு மேல வரி இருக்கு. எல்லாத்துலயும் மாசம் தப்பு. ஒரே ஒரு வரிலதான் சரி. அந்த வரிதான் பொய்."

பிரீத்தி புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஸ்க்ரீன் வழியா ஏத்தியிருந்தா நாலுதான் வந்திருக்கும்..." என்றாள்.

"வாசல் வழியா வந்தவங்க எல்லாரும் செருப்ப வெளிய விட்டிருக்காங்க," என்றான் ரமணா. "இவரு மட்டும் நடுக்கூடத்துல செருப்போட நிக்கிறாரு. செவுரு ஏறிக் குதிச்சிருக்காரு."

"மே ஆறாம் தேதியே யாராவது நேரா டேபிள்ல எழுதியிருக்கலாமே?" என்று பிரீத்தி கேட்டாள்.

ஷோபா வரிசை எண்ணைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு பதிவுக்கும் கம்ப்யூட்டர் தானே கொடுக்கும் எண். அந்த வரிக்கு 2231. அதற்கு முந்தைய 2230, மே இருபத்துநான்காம் தேதி காலையில் ஏறியது. விபத்து நடந்த நாள்.

"ஆறாம் தேதிக்காரரு இருபத்துநாலாம் தேதிக்காரருக்குப் பின்னால க்யூல நிக்கிறாரு," என்றான் ரமணா.

"டேபிள நேரா தொறந்து எழுத எங்க முடியும்?"

"என்கிட்ட இருக்கறது வெறும் காப்பி மேடம். நெஜ டேட்டாபேஸ் ஃபேக்டரி கம்ப்யூட்டர்லதான் இருக்கு, வெளியேந்து தொட முடியாது. அங்கயே உக்காந்து எழுதினப்போ நெட்பீன்ஸ் போட்டேன். திருத்தம் வந்தா உதவும்னு எடுக்காம விட்டுட்டேன்."

ஷோபா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "மேனேஜருக்கு ஃபோன் பண்ணு. லெட்டர் கொண்டு வரேன், ஆனா எழுதறதுக்கு முன்னாடி தப்ப அவங்க மிஷின்லயே ஒரு தடவ பாக்கணும்னு சொல்லு."

பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது ரமணா ஜன்னலோரம் தூங்கிவிட்டான். ஒரு முடிச்சு அவிழ்ந்தது ஷோபாவுக்குத் தெரிந்தது. அவிழ்ந்த சந்தோஷம் மட்டும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. விரலுக்குக் கன்னம் தெரிகிறது, கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

சித்தூருக்கு வெளியே மாங்காய் லாரிகளும் டிராக்டர்களும் ஒரு கிலோமீட்டருக்கு வரிசையாக நின்றன. ஆலைக்குள் நுழைந்ததும் பழுத்த மாம்பழ வாசனையும் ஈக்களும் முகத்தில் மோதின. நீளமான கூடத்தில் நூறு பெண்கள் வரிசையாக நின்று பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் கோடியில் ஒரு சுவர் கருகி, நீல தார்பாய் போட்டு மூடியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது கொப்பரை உஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டிருந்தது.

"தார்பாய்க்குப் பக்கத்துல மொதல்ல நிக்கறாங்களே, அவங்கதான் செங்கம்மா," என்றாள் பிரீத்தி தாழ்ந்த குரலில். "கருப்பனோட வீட்டுக்காரம்மா."

"வேலைக்கு வந்துட்டாங்களா?"

"பதினேழாம் நாளே வந்துட்டாங்களாம்."

செங்கம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கைகள் பழத்தை எடுத்தன, இரண்டு பக்கமும் சீவின, கொட்டையை ஒதுக்கின. அந்தக் கைகளுக்கு அவள் தேவைப்படவில்லை. ஷோபா நின்று பார்த்தாள். பிறகு ரமணா "மேடம்" என்றதும் நடந்தாள்.

சுரேஷ்பாபு எழுந்து நின்று வரவேற்றார். "ரண்டி ரண்டி, கூர்ச்சோண்டி. லெட்டர் கொண்டாந்தியாம்மா? ஆமா, இவங்க யாரு?"

"இவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ," என்றாள் ஷோபா. "லெட்டர்ல தப்பு இல்லாம இருக்கணும்னு கூட வந்தேன்."

"மஞ்சிதி. படிச்சவங்க கூட இருந்தா நல்லதுதான்." மேனேஜருக்குத் திருப்தி. "நமக்கு இந்த கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி மேடம். இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு பட்டன் அமுக்கினது கெடையாது. வாட்ஸாப்ல கூட வாய்ஸ் மெசேஜ்தான். எல்லாம் மோனிகா பாத்துக்கும். அந்த ரூம்தான், போங்க. மூணு மணிக்குள்ள முடிச்சிடுங்க."

வெளியே வந்ததும் ரமணாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. "பஸ்ல வர்றப்பவே இவருக்கு மனசால வெலங்கு மாட்டிட்டேன் மேடம். இன்னா இது, ஆளு ஒரு பட்டன் கூட அமுக்கினது இல்லியாம். பெருமையா வேற சொல்றாரு."

"சொல்றத நம்பலாம். பாஸ்வேர்டு அடிச்சு, டேபிளத் தொறந்து, புது வரி சேக்கறதெல்லாம் அவருக்கு வராது," என்றாள் ஷோபா. "பிரீத்தி, அந்த வேலை இங்க யாருக்குத் தெரியும்?"

பிரீத்தி தயங்கினாள். "மோனிகா அக்காவுக்கு. நான்தான் காட்டிக் குடுத்தேன். ஆனா மேடம், அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

மோனிகா முப்பத்தைந்து வயதுக்காரி, புத்தூர்ப் பக்கத்தவள். அவளுடைய அறை ஒரு கண்ணாடித் தடுப்பு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நறுக்கும் கூடம். வந்தவர்களுக்கு நாற்காலி காட்டினாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

ஷோபா திரையைப் பார்க்கக் குனிந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. வெயிலில் மஞ்சளாகி, டேப் காய்ந்து மடங்கியிருந்தது. நீலப் பேனாவில் பன்னிரண்டு வரிகள். ஜன 0, பிப் 1, மார் 2, ஏப் 3, மே 4...

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் மே வரைக்கும் படித்தாள்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"எப்போ?"

"மூணு வருசம் ஆவுது. எதுனா தப்பா ஏறிட்டா நானே உள்ள போய்த் திருத்துவேன். மாசம் குழம்புது இல்ல, அதான் எழுதி ஒட்டிக்கினேன்."

ஷோபா நாற்காலியை இழுத்து மோனிகாவுக்கு நேராக உட்கார்ந்தாள். மே மாதத்துக்கு நாலு என்று மூன்று வருடமாகக் கண்ணெதிரே ஒட்டி வைத்திருக்கிறவள், ஐந்து என்று அடித்திருக்கிறாள். காலை முதல் ஷோபா அதைத் தெரியாதவன் செய்த தவறு என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். எழுதியவளுக்குத் தெரியும்.

"கருப்பன் பதிவுல அஞ்சு எப்படி வந்துச்சு மோனிகா?"

மோனிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே மூன்றாவது கூடையை நிரப்பிவிட்டு செங்கம்மா நான்காவதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க," என்றாள் கடைசியில். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "வெடிச்சி ரெண்டாம் நாள், ஞாயித்துக்கெழம, என்னிய மட்டும் வரச் சொன்னாரு மேனேஜரு. என் பின்னாலயே நின்னுக்கினு, மே ஆறுனு போடு, கருப்பன் பேர போடு, வால்வு நல்லா கீதுனு போடுன்னாரு. ஸ்க்ரீன்ல பழைய தேதி ஏத்த முடியாது சார்னேன். அது பொய்யி, ஏத்தலாம். எப்பிடியாச்சும் ஏத்துன்னாரு. டேபிளத் தொறந்தேன். மாசத்துக்கு அஞ்சு போட்டேன். அவருக்கு மேன்னா அஞ்சாவது மாசம். பாத்து தலையாட்டினாரு. அந்த ஒத்த வரிய பிரிண்ட் எடுத்துக்கினு போய்ட்டாரு."

"நாலு போட்டிருந்தா?"

"ஸ்க்ரீன்லயும் மேன்னே வந்திருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது." மோனிகா பிரீத்தியைப் பார்த்தாள். "ஜூன் மூணாம் தேதி உனுக்கு பேக்கப் அனுப்பினேன். செத்தவரு பேர்ல ஜூன் மாசப் பதிவு வந்தா நீ கேப்பேன்னு நெனச்சேன். பதினேழு நாளா நீ ஃபோனே பண்ணல."

"நான் தொறக்கவே இல்லக்கா," என்றாள் பிரீத்தி. "நேத்துதான் தொறந்தேன். அதுவும் வேற எதுக்கோ."

கூடத்திலிருந்து கத்திகள் பலகையில் படும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வால்வு சரியில்லன்னு கருப்பன் எப்பவாவது சொன்னாரா?" என்று கேட்டாள் ஷோபா.

"ரெண்டு தபா. இந்த ஜன்னலாண்டதான் நின்னு சொன்னாரு. 'இறுகிக்கினு கீதும்மா, எழுதிக்கோ'ன்னாரு. மேனேஜரு அத ஏத்த வேணாம்னுட்டாரு. நானும் ஏத்தல." மோனிகா விரல்களைப் பிரித்து விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டாள். "அவரு சொன்னத எழுதல. சொல்லாதத எழுதினேன். அழுவ வரும்னு பாத்தேன், வரல. பயம் வரும்னு பாத்தேன், அதுவும் வரல. தெனமும் எட்டு மணிக்கி வரேன், செங்கம்மா எதிர்லயே நிக்குது, ஆறு மணிக்கி போறேன்."

இந்த இடத்தில் ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று ஷோபாவுக்குத் தெரிந்தது. பதினோரு மாதமாகப் பலர் அவளுக்குச் சொன்ன வார்த்தைகள் கைவசம் நிறைய இருந்தன. எதுவும் உதவாது என்பதும் தெரிந்தது.

"யாராவது கேக்கணும்னுதான் அஞ்சு போட்ட," என்றாள். "கேட்டாச்சு. மூணு மணிக்கு இன்னொருத்தர் கேப்பார். அவருக்கும் இதையே சொல்லணும். நீ சொல்லலன்னா இது வெறும் டைப்பிங் மிஸ்டேக்."

மோனிகா திரையோரத்தில் மடங்கியிருந்த டேப்பை விரலால் அழுத்தினாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கோப்பை மூடிவிட்டு நாலரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவர் கைக்கடிகாரத்தில் தெரிந்தது. பிரீத்தி கடிதத்தை நீட்டினாள். அதில் இரண்டே வரி. அவர் உரக்கப் படித்தார்.

"'நான் எழுதிய சாஃப்ட்வேரில் ஒரு தவறு உண்டு. அந்தத் தவறு இல்லாத ஒரே பதிவு இதுதான்.' இன்னாம்மா இது, விடுகதையா?"

ஷோபா பிரீத்தியின் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து ஐந்து நிமிடத்தில் விளக்கினாள். உள்ளே எல்லா மே மாதமும் நாலு. இது மட்டும் ஐந்து. மே ஆறாம் தேதிப் பதிவு, இருபத்துநான்காம் தேதிப் பதிவுக்குப் பின்னால். திரையில் பார்த்தால், இறந்தவர் பதின்மூன்று நாள் கழித்து வந்து வால்வைச் சோதித்திருக்கிறார்.

"அதுதான் சார் நானும் சொல்றது, சாஃப்ட்வேரே கொழப்பம்," என்று சுரேஷ்பாபு குறுக்கே வந்தார். "மே மாசம்னா அஞ்சுதானே போடணும்? அன்னிக்கே பாத்தேன், அஞ்சுதானே போட்டிருக்கு? இதுல இன்னா தப்பு?"

"போட்டிருக்கா சார்," என்றான் ரமணா, "இல்ல போடறத நின்னு பாத்தீங்களா? கம்ப்யூட்டர்னா உங்களுக்கு அலர்ஜியாச்சே. உள்ள எந்தக் கட்டத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சுரேஷ்பாபு தன் தாளைச் சுட்டிக் காட்டினார். "இதோ, பிரிண்ட்ல இருக்கே."

"இருக்கு," என்றார் அதிகாரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "இந்த பிரிண்ட் ஸ்க்ரீன்லேந்து எடுத்தது இல்ல. மத்த ரெக்கார்டெல்லாம் குடுத்தப்போ ஸ்க்ரீன் பிரிண்டாத்தானே குடுத்தீங்க? இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் டேபிள்? யார் எடுத்தது?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் கதவருகே குரல் கேட்டது.

"நான்தான் சார் எடுத்தேன். நான்தான் ஏத்தினேன். மேனேஜர் சார் பின்னால நின்னு சொன்னாரு, நான் ஏத்தினேன். கருப்பன் வால்வு இறுகிக்கினு கீதுன்னு ரெண்டு தபா சொன்னாரு. அத ஏத்த வேணாம்னாரு, ஏத்தல."

மோனிகா சொல்லி முடித்ததும் அங்கேயே நின்றாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து, "இப்படி வந்து உக்காரும்மா. மொதல்லேந்து சொல்லு," என்றார். சுரேஷ்பாபு ஃபோனோடு வெளியே நகர்ந்தார். "ஃபோன மேஜைல வச்சிட்டு உக்காருங்க சார்," என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார்.

நாலு மணிக்கு இரண்டாவது கொப்பரையின் நீராவியை நிறுத்தினார்கள். அது ஆறிய பிறகு ஃபிட்டர் வால்வைக் கழற்றி எல்லார் முன்னாலும் கல்லின் மேல் வைத்தார். சாதாரணமாகக் கையால் தூக்கினால் எழும்பவேண்டிய நெம்புகோல் அசையவில்லை. சுத்தியலால் தட்டினார். மூன்றாவது அடியில் துரு உதிர்ந்தது, நெம்புகோல் அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மெதுவாக இரண்டடி பின்னால் போனாள். அதிகாரி ஆலைக்கு சீல் வைக்கச் சொன்னார். போலீஸுக்கு அவரே ஃபோன் செய்தார்.

கூடம் காலியானது. மோனிகா போய் செங்கம்மாவை அறைக்குக் கூட்டி வந்தாள். பழச்சாறு காய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். ஷோபா நடந்ததைச் சொன்னாள். உங்கள் கணவர் அந்த வால்வு நன்றாக இருப்பதாகச் சொல்லவில்லை, அது பொய்யாக எழுதியது, அதிகாரி எழுதிக்கொண்டுவிட்டார் என்றாள்.

"தெரியும்மா," என்றாள் செங்கம்மா. "ஊட்ல தெனம் அதான் சொல்லிக்கினு இருந்தாரு."

மோனிகா அவள் எதிரில் தலை நிமிராமல் நின்றாள். "நான்தான்க்கா எழுதினேன்," என்றாள். செங்கம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவரு நெஜமா சொன்னது எதுனா கீதா இதுல?" என்று கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டாள்.

"கீதுக்கா. தெனம் எட்டு மணிக்கி நான் வந்ததும், கொப்பரைய ஏத்தின நேரத்த வந்து சொல்லுவாரு. அதெல்லாம் அப்பிடியே கீது."

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் செங்கம்மா, ஷோபாவிடம்.

ரமணா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்தான். ஷோபா மோனிகாவின் இடத்தில் உட்கார்ந்து கருப்பனின் பெயரைத் தேடினாள். திரை நிறைய வரிகள் வந்தன.

"மே இருபத்துநாலு. காலைல ஆறு பன்னெண்டு. கொப்பரை ஏத்தியாச்சு."

செங்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மே இருபத்துமூணு. ஆறு அஞ்சு."

"அன்னிக்கி பஸ்ஸு சீக்கிரம் வந்துச்சி."

"இருபத்திரெண்டு. ஆறு இருபது."

"துன்னாம ஓடினாரு. லேட்டாயிடுச்சின்னு."

"இருபத்தொண்ணு. ஆறு பத்து. இருபதாம் தேதி பதிவு இல்ல."

"காய்ச்சலு. ஊட்லயே படுத்துக்கினாரு. என்னியும் போவ வேணாம்னாரு." செங்கம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் போய்ட்டேன்."

ஷோபா அடுத்த வரிக்கு நகர்த்தினாள். காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் தான் கடைசியாக என்ன சொன்னோம் என்று அவள் இதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. பால் பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

"இன்னும் எத்தினி கீதும்மா?"

"அறுநூத்துச் சொச்சம்."

"நேரமாவுதா உங்களுக்கு?"

"இல்ல," என்றாள் ஷோபா. நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "மே பத்தொம்பது. காலைல ஆறு எட்டு."